125 கிலோ குறைந்த இளம்பெண்ணுக்கு மூன்றே வாரத்தில் 17 கிலோ ஏறியது ஏன்? – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

1980களின் நடுப்பகுதி. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் கைசர் பெர்மனென்டே மருத்துவ அமைப்பின் நோய்த்தடுப்பு மருத்துவத் துறை, மிக அதிக உடல் பருமன் உள்ளவர்களுக்காக ஒரு சிகிச்சைத் திட்டத்தை நடத்தி வந்தது. துறையின் தலைவர் டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டி. அறுவை சிகிச்சை செய்யாமலேயே ஒரு வருடத்துக்குள் 100 கிலோவுக்கு மேல் குறைக்க முடிந்ததால் அந்தத் திட்டத்துக்கு நல்ல பெயர் இருந்தது.

இந்த நிகழ்வின் நோயாளிக்கு வயது 28. முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் செவிலியர் உதவியாளராக இருந்தவர். தனியாக வசித்தார். திட்டத்தில் சேர்ந்தபோது எடை 408 பவுண்டு, ஏறத்தாழ 185 கிலோ. இவருடைய சிகிச்சை வரலாற்றை ஃபெலிட்டி பின்னாளில் தம் கட்டுரைகளில் பதிவு செய்தார். இந்தப் பெண்ணிடமிருந்துதான் குழந்தைப் பருவ அனுபவங்களைப் பற்றிய மிகப் பெரிய ஆய்வு ஒன்றின் முதல் கேள்வி பிறந்தது. அவருக்கோ அந்தக் கேள்வியால் உரிய நேரத்தில் பலன் கிடைக்கவில்லை. அதனால்தான் இதைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

சிகிச்சை நடந்த விதம்

திட்டத்தின் அடிப்படை, கண்காணிப்புடன் கூடிய நீண்ட உண்ணாநோன்பு. வழக்கமான சாப்பாடு முழுவதும் நிறுத்தப்படும். அதற்குப் பதிலாக ஆப்டிஃபாஸ்ட் என்ற புரதத்தூளைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். ஒரு நாளைக்குக் கிடைப்பது மொத்தம் 420 கலோரிதான். 

இவ்வளவு குறைந்த கலோரியில் பட்டினி கிடப்பது ஆபத்தானது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ‘திரவப் புரத’ உணவுமுறை பரவியபோது, அதைப் பின்பற்றியவர்களில் பலர் இதயத் துடிப்புக் கோளாறால் திடீரென்று இறந்தார்கள். புரதத்தின் தரம் குறைவு, பொட்டாசியம் போன்ற தாது உப்புகள் போதவில்லை. அதற்குப் பிறகு வந்த தூள்களில் பொட்டாசியம் உள்ளிட்ட உப்புகளும் வைட்டமின்களும் சேர்க்கப்பட்டன. அப்படியிருந்தும் இந்த வகைச் சிகிச்சையில் ரத்தத்தில் பொட்டாசியம் அளவு, இ.சி.ஜி., எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் விழுகிறதா என்பதையெல்லாம் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். எடை வேகமாகக் குறைபவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் அதிகம்.

அந்தப் பெண் 51 வாரத்தில் 408 பவுண்டிலிருந்து 132 பவுண்டுக்கு வந்தார். 60 கிலோ. வாரத்துக்குச் சராசரியாக இரண்டரை கிலோ வீதம் 125 கிலோ கரைந்திருந்தது. திட்டம் தனக்கு வைத்திருந்த ஒரே அளவுகோல் எடைப்பொறி. அதன்படி பார்த்தால் இது முழு வெற்றி.

எடை திரும்பிய மூன்று வாரம்

60 கிலோவில் சில வாரங்கள் நிலையாக இருந்தவருக்கு, திடீரென்று மூன்று வாரத்தில் 37 பவுண்டு ஏறியது. ஏறத்தாழ 17 கிலோ. இப்படி ஏறுவது உடலியல் படி சாத்தியம் என்றே தாம் அதுவரை நினைத்ததில்லை என்று ஃபெலிட்டி எழுதியிருக்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் ஏன் திகைத்தார் என்பது புரியும். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிச்சமாக வேண்டும். 17 கிலோவும் கொழுப்பு என்றால் 21 நாளில், அன்றாடத் தேவை போக, நாளொன்றுக்கு 6,000 கலோரிக்கு மேல் கூடுதலாக உள்ளே போயிருக்க வேண்டும். நீண்ட பட்டினிக்குப் பிறகு மாவுச்சத்து திரும்பும்போது அதோடு தண்ணீரும் உடலில் தங்கும் என்பதால் அந்த 17-இல் சில கிலோ தண்ணீராக இருந்திருக்கலாம். அதைக் கழித்தாலும் மீதி மிகப் பெரிய தொகை.

என்ன நடந்தது என்று கேட்டபோது, தூக்கத்தில் எழுந்து சாப்பிடுவதாக நினைக்கிறேன் என்றார். இரவு படுக்கும்போது சமையலறை சுத்தமாக இருக்கும். காலையில் பார்த்தால் டப்பாக்கள் திறந்து கிடக்கும், பாத்திரங்கள் அழுக்காகக் கிடக்கும். வீட்டில் வேறு ஆள் கிடையாது. அவருக்கு எதுவும் நினைவில் இல்லை. சிறுவயதில் தூக்கத்தில் நடக்கும் பழக்கம் தனக்கு இருந்ததாகவும் சொன்னார்.

பெரும்பாலான மருத்துவமனைகளில் விசாரணை இந்த இடத்தில் முடிந்திருக்கும். தூக்கத்தில் நடப்பதற்கு ஒரு மாத்திரை, அடுத்த மாதம் வாருங்கள், எடையைக் கவனித்துக்கொள்ளுங்கள். ‘எப்படி ஏறியது’ என்பதற்கு விடை கிடைத்துவிட்டதே.

கேட்ட கேள்வியும் கிடைத்த பதிலும்

ஃபெலிட்டி இன்னொன்றையும் கேட்டார்: தூக்கத்தில் சாப்பிடுவது ஏன் இப்போது ஆரம்பித்தது? ஒரு வருடத்துக்கு முன்போ, ஒரு மாதத்துக்கு முன்போ ஏன் இல்லை?

முதலில் தெரியாது என்றார். விடாமல் கேட்டபோது, பணியிடத்தில் தன்னைவிட வயதில் மிக மூத்த, திருமணமான ஓர் ஆண், நீ அழகாகிவிட்டாய் என்று பாராட்டிவிட்டு உறவுக்கு அழைத்ததைச் சொன்னார். அது பிடிக்காத விஷயம்தான். ஆனாலும் இவ்வளவு பெரிய விளைவுக்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியுமா என்று பேச்சு நீண்டது. சிறுமியாக இருந்தபோது தன் தாத்தாவால் நெடுங்காலம் பாலியல் வன்முறைக்கு ஆளானதை அப்போதுதான் அவர் வெளியே சொன்னார்.

பல ஆண்டுகள் மருத்துவம் பார்த்தவர் ஃபெலிட்டி. குடும்பத்துக்குள் நடந்த இத்தகைய வன்முறையை ஒரு நோயாளி சொல்லிக் கேட்டது, அந்த அனுபவத்தில் அவருக்கு இரண்டாவது முறைதான். அவரிடம் வந்தவர்களுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பதிலோடு எடை வரலாற்றைத் திரும்பப் படித்தால் வேறு கதை தெரிகிறது. 185 கிலோ உடம்பு அந்தப் பெண்ணுக்கு ஒரு வேலி. ஆண்களின் கண்ணில் படாமல் இருக்க அது உதவியது. 51 வாரத்தில் மருத்துவம் அந்த வேலியைப் பிடுங்கிவிட்டு, அதன் இடத்தில் எதையும் வைக்கவில்லை. தாத்தா வயதை நினைவூட்டும் ஓர் ஆணிடமிருந்து முதல் அழைப்பு வந்தவுடன், விழித்திருக்கும் மனதுக்குத் தெரியாமலேயே உடல் வேலியைத் திரும்பக் கட்டத் தொடங்கியது. இதை மனவுறுதிக் குறைவு என்று சொன்னால் நோயாளிக்கு இரண்டாவது முறையாக அநீதி செய்கிறோம்.

இழந்த எடை முழுவதும், குறைந்ததைவிட வேகமாகத் திரும்பியது. அவர் சிகிச்சைக்கு வருவதும் நின்றுபோனது.

இடையில் நின்றவர்களைத் தேடியது

இந்தத் திட்டத்தில் ஏற்கெனவே ஒரு புதிர் இருந்தது. பாதியில் விட்டுப்போனவர்களில் பெரும்பாலோர் எடை குறையாமல் சலித்துப்போனவர்கள் இல்லை. நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்கள். எந்தத் திட்டமாக இருந்தாலும் தோற்பவர்கள் விலகுவார்கள், ஜெயிப்பவர்கள் தங்குவார்கள் என்றுதான் எதிர்பார்ப்போம். இங்கே தலைகீழ்.

எனவே நோயாளிகளின் வாழ்க்கையைக் காலவரிசைப்படி கேட்பது என்று முடிவெடுத்தார்கள். பிறந்தபோது எடை என்ன, பள்ளியில் சேர்ந்தபோது என்ன, உயர்நிலைப் பள்ளியில் என்ன, திருமணம் எந்த வயதில் என்று வரிசையான கேள்விகள். இதில் இரண்டு விஷயங்கள் தெரியவந்தன. பெரும்பாலோர் குண்டான குழந்தைகளாகப் பிறக்கவில்லை. எடை படிப்படியாக ஏறவும் இல்லை. வாழ்க்கையின் ஏதோ ஒரு கட்டத்தில் சட்டென்று ஏறி, பிறகு ஒரே அளவில் நின்றிருந்தது. அந்தக் கட்டத்தில் என்ன நடந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வியாயிற்று.

விரிவாகப் பேட்டி காணப்பட்ட 286 பேரில் 55 சதவீதத்தினர் குழந்தைப் பருவத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளானதைச் சொன்னார்கள். 23 வயதில் வன்புணர்வுக்கு ஆளான ஒரு பெண்ணுக்கு அடுத்த ஒரு வருடத்தில் 105 பவுண்டு ஏறியிருந்தது. குண்டாக இருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, எனக்குத் தேவை அதுதான் என்ற பொருளில் அவர் பேசினார். பாதுகாப்பு என்பது பெண்களின் பிரச்சினை மட்டுமாகவும் இருக்கவில்லை. சிறைக்காவலர்களாக இருந்த இரண்டு ஆண்கள், எடை நிறையக் குறைந்த பிறகு கைதிகளுக்கு நடுவே போகவே பயமாக இருப்பதாகச் சொன்னார்கள்.

பின்னர் இந்தத் திட்டத்தின் குழுக் கூட்டங்களில் மூன்று கேள்விகள் இடம்பிடித்தன. மனிதர்கள் ஏன் குண்டாகிறார்கள் (எப்படி என்பது வேண்டாம், ஏன்)? எடையைக் குறைத்தவர்களில் சிலருக்கு எல்லாமே திரும்பிவிடுகிறதே, ஏன்? குண்டாக இருப்பதால் என்ன நன்மை? மூன்றாவது கேள்விக்குக் கிடைத்த பதில்கள் பெரும்பாலும் பாலியல் பாதுகாப்பு, உடல் பாதுகாப்பு, பிறர் தன்னிடம் எதிர்பார்ப்பு வைக்காமல் இருப்பது என்ற மூன்றுக்குள் அடங்கின. சிகிச்சை முறை என்ற வகையில் இந்த மூன்றாவது கேள்வியை மிக முக்கியமானதாகக் கருதுகிறோம். நோயாளி எதை இழக்கப் பயப்படுகிறார் என்பதை வேறு எந்தப் பரிசோதனையும் காட்டாது.

அந்தப் பெண்ணுக்குப் பிறகு என்ன ஆயிற்று

பல வருடம் கழித்து அவர் திரும்பி வந்தார். எடை மீண்டும் பழைய அளவுக்கு ஏறியிருந்தது. இந்த முறை எடை குறைப்பதற்காக இரைப்பையைச் சுருக்கும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. 40 கிலோவுக்கும் மேல் குறைந்தது. எடை குறையக் குறையத் தற்கொலை எண்ணம் தீவிரமானது. அடுத்த ஒரு வருடத்தில் 5 முறை மனநலப் பிரிவில் சேர்க்க வேண்டியிருந்தது. மின்னதிர்ச்சி சிகிச்சை வரை போக நேர்ந்தது.

முதல் முறை உடலுக்குத் தூக்கத்தில் சாப்பிடும் வழியாவது மிச்சமிருந்தது. அறுவை சிகிச்சை இரைப்பையைச் சுருக்கியதோடு அந்த வழியையும் அடைத்துவிட்டது. அடிப்படைக் காயம் முதல் சிகிச்சையின்போதே வெளியே வந்துவிட்டது என்பதுதான் இந்த நிகழ்வில் நெஞ்சை அறுக்கும் பகுதி. காயம் தெரிந்தது, அதற்கான சிகிச்சை கூடவே நடக்கவில்லை. கேள்வி கேட்கத் தெரிந்த மருத்துவம், பதிலைத் தாங்கிப் பிடிக்க ஓர் ஏற்பாட்டை அப்போது வைத்திருக்கவில்லை.

ஒருவரிடமிருந்து 17,337 பேருக்கு

286 பேரின் முடிவுகளை 1990-இல் உடல் பருமன் ஆய்வாளர்களின் கூட்டம் ஒன்றில் ஃபெலிட்டி முன்வைத்தார். தோற்றுப்போன வாழ்க்கைக்கு நோயாளிகள் சொல்லும் சாக்கு இதெல்லாம் என்று அங்கே எதிர்ப்பு வந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஏற்பட்ட தொடர்பு வழியாகத்தான் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் ராபர்ட் ஆண்டாவும் ஃபெலிட்டியும் சேர்ந்து, சாதாரண உடல் பரிசோதனைக்கு வருபவர்களிடம் இதே கேள்விகளைக் கேட்கும் ஆய்வைத் தொடங்கினார்கள். 1995 முதல் 1997 வரை 17,337 பேர் பங்கேற்றனர். 1998-இல் வந்த முதல் கட்டுரை 9,508 பேரின் பதில்களை ஆராய்ந்தது. உடல், மன, பாலியல் வன்முறை, தாய் அடிபடுவதைப் பார்த்தது, வீட்டில் குடி அல்லது போதைப் பழக்கம், மனநோய் அல்லது தற்கொலை முயற்சி, சிறைக்குப் போன உறவினர் என 7 வகைகள் கணக்கில் எடுக்கப்பட்டன.

பாதிக்கும் மேற்பட்டோர் குறைந்தது ஒரு வகையையாவது அனுபவித்திருந்தார்கள். நான்கும் அதற்கு மேலும் அனுபவித்தவர்களுக்கு, எதுவும் இல்லாதவர்களைவிடக் குடி அடிமைத்தனம், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு. கடும் உடல் பருமனுக்கு அந்த ஆபத்து 1.4 முதல் 1.6 மடங்குதான். அந்தப் பெண்ணின் கதையை வைத்துப் பருமன் எல்லாமே வன்முறையின் விளைவு என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இந்த ஒரு எண்ணே போதும்.

இந்த ஆய்வின் வரம்புகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். பங்கேற்றவர்களின் சராசரி வயது 50-ஐத் தாண்டியது. சிறுவயதை நினைவிலிருந்து சொன்னார்கள். பெரும்பாலோர் காப்பீடு உள்ள வெள்ளையின நடுத்தர வர்க்கத்தினர். ஒருவர் அனுபவித்த வகைகளின் எண்ணிக்கைதான் அவருடைய மதிப்பெண். அது மக்கள்தொகைக்கான அளவுகோல். ‘உங்களுக்கு ஆறு, ஆகவே இந்த நோய் வரும்’ என்று தனி நபரிடம் சொல்வது தவறு. இதே எச்சரிக்கையை ஆண்டாவே 2020-இல் எழுதினார்.

கேட்கப்படாத மறுபாதி

அந்தப் பெண்ணைப் பற்றிய பதிவில் இல்லாத ஒன்று உண்டு. சிறுவயதில் அவருக்கு யார் துணையாக இருந்தார்கள்? அம்மாவா, ஆசிரியையா, பக்கத்து வீட்டுக்காரரா, யாருமே இல்லையா? அன்றைய மருத்துவம் கெட்டதைத் தேடக் கற்றுக்கொண்டிருந்தது. நல்லதைத் தேட இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின.

விஸ்கான்சின் மாநிலத்தில் 2015-இல் திரட்டப்பட்ட 6,188 பேரின் தகவல்களை வைத்து 2019-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அது கேட்ட ஏழு விஷயங்கள்: வீட்டாரிடம் மனதில் உள்ளதைப் பேச முடிந்ததா, கஷ்ட காலத்தில் வீடு துணை நின்றதா, ஊர் விழா, சடங்குகளில் மகிழ்ச்சியாகக் கலந்துகொண்டீர்களா, உயர்நிலைப் பள்ளியில் நமக்கும் இடம் இருக்கிறது என்ற உணர்வு இருந்ததா, நண்பர்கள் துணை இருந்ததா, பெற்றோர் தவிர குறைந்தது இரண்டு பெரியவர்கள் உண்மையான அக்கறை காட்டினார்களா, வீட்டில் ஒரு பெரியவராவது பாதுகாப்பு உணர்வைத் தந்தாரா. இவற்றில் ஆறோ ஏழோ கிடைத்தவர்களிடம் மனச்சோர்வு அல்லது மோசமான மனநலம் 12.6 சதவீதம். இரண்டுக்கு மேல் கிடைக்காதவர்களிடம் 48.2 சதவீதம். கெட்ட அனுபவங்களின் எண்ணிக்கையைக் கணக்கில் சேர்த்த பிறகும் இந்தத் தொடர்பு நீடித்தது.

குழந்தைப் பருவம் நடக்கும்போதே அதை மாற்ற முடியுமா என்பதற்கு வட கரோலினா மாநிலத்தின் மலைப்பகுதியில் ஒரு சான்று இருக்கிறது. 1993-இல் தொடங்கிய ஆய்வு ஒன்று 1,420 சிறுவர் சிறுமியரை ஆண்டுதோறும் பின்தொடர்ந்தது. அவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் செரோக்கி பழங்குடியினர். இடையில் பழங்குடி நிலத்தில் சூதாட்ட விடுதி திறக்கப்பட்டு, அதன் லாபத்தில் ஒரு பங்கு அந்தப் பழங்குடியினர் ஒவ்வொருவருக்கும் வரத் தொடங்கியது. வறுமையிலிருந்து மீண்ட வீடுகளில் பிள்ளைகளின் முரட்டு நடத்தை, வறுமையே அறியாத பிள்ளைகளின் அளவுக்குக் குறைந்தது. பிள்ளைகளைக் கவனிக்கப் பெற்றோருக்கு நேரம் கிடைத்ததுதான் முக்கியக் காரணம் என்று 2003-இல் வந்த கட்டுரை காட்டியது. பணம் வந்தபோது வயதில் மிகச் சிறியவர்களாக இருந்தவர்களுக்கு 19, 21 வயதில் குடி, கஞ்சாப் பிரச்சினைகள் குறைவாக இருந்ததை 2010-இல் வந்த தொடர்ச்சி பதிவு செய்தது. நல்ல மாற்றம் எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு நல்லது.

இதே நோயாளி இன்று வந்தால்

எடை குறைக்கும் சிகிச்சையை மறுக்க வேண்டியதில்லை. 185 கிலோ என்பது இதயத்துக்கும் மூச்சுக்கும் உண்மையான ஆபத்து. மாற வேண்டியது வரிசையும் வேகமும்.

முதல் சந்திப்பிலேயே ஒரு தாளில் இரண்டு பத்தி போடலாம். ஒன்றில் வயதும் எடையும், மற்றொன்றில் அந்த வயதில் வாழ்க்கையில் நடந்தவை: வீடு மாறியது, இறப்பு, பள்ளி நின்றது, திருமணம், வேலை. எடை செங்குத்தாக ஏறிய வருடத்தில் விரலை வைத்து, “இந்த வருஷம் என்ன நடந்துச்சும்மா?” என்று கேட்டால் போதும். குற்றம் சாட்டும் தொனி இல்லாத கேள்வி அது.

நம் ஊர் வெளிநோயாளிப் பிரிவில் இதற்கு முதல் தடை, கூட வரும் ஆள். 20 வயதுப் பெண்ணுடன் அம்மாவோ கணவரோ மாமியாரோ உள்ளே வந்து உட்காருவது வழக்கம். வன்முறை செய்தவரும் குடும்பத்து ஆளாக இருக்கும்போது அந்த அறையில் உண்மை வராது. எடை பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ என்று சொல்லி நோயாளியை மட்டும் ஐந்து நிமிடம் தனியே அழைப்பதை எல்லாருக்கும் பொது நடைமுறையாக்கிவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. சான் டியேகோவில் கேள்வித்தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி நிரப்பச் சொன்னார்கள். அது அவர்களுக்குச் சரிப்பட்டது. கூட்டுக்குடும்பத்தில் அந்தத் தாள் யார் கையில் சிக்கும் என்பது தெரியாது, ஆகவே இங்கே மருத்துவமனையிலேயே நிரப்ப வைப்பது நல்லது.

நோயாளி ‘ஆமாம்’ என்று சொன்ன பிறகு பலர் தடுமாறுகிறார்கள். அந்த நேரத்தில் விவரம் தோண்டக் கூடாது. “இத எங்ககிட்ட சொன்னீங்களே, நல்லதும்மா. இதுல உங்க தப்பு எதுவுமில்ல. இது உங்க வாழ்க்கைய எப்படிப் பாதிச்சிருக்கு?” என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். அடுத்து இப்போதும் அந்த ஆபத்து தொடர்கிறதா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்க வேண்டும். தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்பதால் அது வந்துவிடாது. அடுத்த சந்திப்புக்குத் தேதி குறிக்காமல் அனுப்பக் கூடாது. சொன்னதற்காகக் கைவிடப்பட்டோம் என்ற நினைப்பு மீண்டும் ஒரு காயம்.

அதே அமர்விலோ அடுத்ததிலோ ஏழு நல்ல விஷயங்களையும் கேட்க வேண்டும். அவற்றில் இன்றும் உயிரோடு இருக்கும் உறவு ஏதாவது உண்டா என்பது சிகிச்சைக்கு உடனே பயன்படும் தகவல். அக்கறை காட்டிய ஒரு சித்தியோ பழைய ஆசிரியையோ இருந்தால், நோயாளி சம்மதித்தால், எடை குறையும் மாதங்களில் துணைக்கு அவரை அழைக்கலாம். யாருமே இல்லை என்றால் அந்த இடத்தை உளவியல் ஆலோசகரோ குழுவோ நிரப்பும்வரை எடைக்குறைப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதே பாதுகாப்பு.

ஆபத்தான கட்டம், இலக்கு எடையை நெருங்கும் வாரங்கள். மற்றவர்கள் பாராட்டத் தொடங்குவது அப்போதுதான். மருத்துவக் குழு சந்திப்புகளைக் குறைப்பதும் அப்போதுதான். மாறாக அந்த நேரத்தில் சந்திப்புகளை நெருக்கமாக வைத்து, “வெளில யாராவது ஏதாவது சொன்னாங்களா? தூக்கம் எப்படி இருக்கு? காலைல சமையலறை எப்படி இருக்கு?” என்று கேட்க வேண்டும். தூக்கத்தில் சாப்பிடுவதாகச் சொன்னால் தூக்க மாத்திரை எடுக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். சோல்பிடெம் போன்ற மாத்திரைகளாலும் இது வரும்.

நோயாளி 18 வயதுக்கு உட்பட்டவராக இருந்தால், பாலியல் வன்முறை தெரியவந்தவுடன் போக்சோ சட்டம் 2012-இன் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. கேட்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும், சொன்ன பிறகு தெரியவந்தால் நம்பிக்கை உடையும். குழந்தைகளுக்கு 1098, மனநல உதவிக்கு டெலி-மானஸ் 14416 ஆகிய எண்களை எழுதிக் கொடுக்கலாம், வீட்டார் பார்ப்பார்கள் என்ற பயம் இருந்தால் வேறு பெயரில் போனில் பதிந்து தரலாம்.

பேரியாட்ரிக் அறுவை சிகிச்சைக்கு முன் மனநல மதிப்பீடு இப்போது பல இடங்களில் நடக்கிறது. பெரும்பாலும் அது ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. சிறுவயது வன்முறை தெரிந்த நோயாளிக்கு மனநலப் பின்தொடர்தல் அறுவைக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருடமாவது தொடர வேண்டும், முதல் வருடம் மாதந்தோறும். எடை நன்றாகக் குறைகிறது என்று அறிக்கை சொல்லும் மாதங்களில் அந்தச் சந்திப்பு தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ள, குழுவில் ஒருவர் பெயர் குறித்துப் பொறுப்பேற்க வேண்டும்.